ஆர்சி ப்ளேன் ரிசீவர்: எதுக்கு எது செட் ஆகும்? அடிக்கடி கேக்குற கேள்விகள்

செங்கல்பட்டு தாண்டி ஒரு காஞ்ச ஏரியில ஞாயித்துக்கிழமை காலைல ஆர்சி ப்ளேன், அதாவது ரிமோட்ல ஓட்டுற குட்டி ப்ளேன் பறக்கவிடுறோம். புதுசா வர்ற பசங்க எல்லாரும் ப்ளேனப் பத்தி நல்லா படிச்சிட்டு வர்றாங்க, விங் லோடிங் வரைக்கும் பேசுறாங்க, ஆனா ரிசீவர்னு வந்தா "எதுவோ ஒண்ணு கூட வந்துச்சுண்ணா"ன்னு தான் பதில் வருது. டீ குடிச்சிக்கிட்டே சொன்ன பதிலையே திரும்பத் திரும்ப சொல்லி வாய் வலிச்சதால மொத்தமா இங்க டைப் பண்ணிட்டேன்.

ரிசீவர் உள்ள என்ன தான் பண்ணுது?

கைல இருக்கிறது டிரான்ஸ்மிட்டர், நாம பேச்சுல ரேடியோன்னு சொல்றது. ப்ளேனுக்குள்ள ஒட்டி வச்சிருக்கிற தீப்பெட்டி சைஸ் டப்பா தான் ரிசீவர். நீங்க ஸ்டிக்க ஆட்டுறது காத்துல வருது, அத பிடிச்சு, நம்ம ரேடியோ அனுப்புனது தானான்னு பார்த்து, ஒவ்வொரு சர்வோவுக்கும், அதாவது ப்ளேனோட மடல்கள அசைக்கிற குட்டி மோட்டாருக்கும், பிரிச்சு குடுக்கிறது அதோட வேலை. சர்வோவுக்கு போற மூணு ஒயர்ல ரெண்டு கரண்ட்டுக்கு, மூணாவது சிக்னலுக்கு. அந்த சிக்னல் ஒயர்ல செகண்டுக்கு 50 தடவ ஒரு சின்ன பல்ஸ் போகும். பல்ஸ் 1500 மைக்ரோசெகண்ட் நீளம் இருந்தா சர்வோ நடுவுல நிக்கும், 1000 ஆனா ஒரு ஓரம், 2000 ஆனா மறு ஓரம். பிடபிள்யூஎம் பிடபிள்யூஎம்னு எல்லாரும் சொல்றது இத தான். மோட்டார ஓட்டுற ஈஎஸ்சியும் இதே பல்ஸ தான் படிக்குது, அதுக்கு 1000ன்னா நிறுத்து, 2000ன்னா ஃபுல்லு.

கடைல "6 சேனல் ரிசீவர் ஒண்ணு குடுங்க"ன்னா "எந்த ரேடியோ"ன்னு கேக்குறாங்களே, எல்லாமே 2.4 தானே?

சேனல்ங்கிறது எத்தனை சாமான தனித்தனியா ஆட்டலாம்ங்கிற கணக்கு, அது மட்டும் போதாது. இங்க தான் பாதி பேர் காச விடுறாங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ்ங்கிறது ரோடு மட்டும் தான், அதுல எந்த பாஷை ஓடுதுன்னு அது சொல்லாது. எலக்ட்ரிக் ட்ரெயின்ல பக்கத்து பக்கத்து சீட்ல உக்காந்திருக்கிற ஒரு பெங்காலிக்காரரும் ஒரு மலையாளியும் மாதிரி, ட்ரெயின் ஒண்ணு தான், ஆனா பேச்சு ஓடாது. அந்த பாஷைக்கு பேரு ப்ரோட்டோகால்.

ஒரு கம்பெனிக்குள்ளயே பாஷை மாறும், அது இன்னும் மோசம். ஃப்ளைஸ்கைல பழசு ஏஎஃப்எச்டிஎஸ், அடுத்து வந்தது ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ. காலேஜ் பசங்க சீனியர்கிட்ட இருந்து வாங்குற சிடி6பி ரேடியோ பழசு மட்டும் தான் பேசும், அதுக்கு 2ஏ பேசுற ஐஏ6பி ரிசீவர் வாங்கிட்டு வந்து ராத்திரி பூரா பட்டன அமுக்கிக்கிட்டு இருந்தாலும் பைண்ட் ஆகவே ஆகாது, அதாவது ரெண்டும் ஜோடி சேராது. ஐ6 ரேடியோ ரெண்டும் பேசும், மெனுவுல ரிசீவர் செட்டிங் உள்ள 2ஏவ ஆஃப் பண்ணா பழைய ரிசீவர் சேர்ந்துக்கும். ஃப்ரிஸ்கைல டி8, டி16, ஆக்சஸ்னு மூணு, அதுல டி16க்குள்ளயே ஐரோப்பா ஃபர்ம்வேர் (உள்ள ஓடுற சாஃப்ட்வேர்) தனி, மத்த நாட்டு ஃபர்ம்வேர் தனி, பின்னால வந்த வெர்ஷன் 2 வேற தனி, ரேடியோல ஒண்ணு ரிசீவர்ல ஒண்ணு இருந்தா சேராது. ஸ்பெக்ட்ரம்ல டிஎஸ்எம்2, டிஎஸ்எம்எக்ஸ். டிஎஸ்எம்2 ஆன் பண்ணும்போது ரெண்டு காலி இடம் பார்த்து அங்கயே உக்காந்துக்கும், அப்புறம் அந்த இடத்துல வேற யாராவது கத்துனாலும் நகராது. டிஎஸ்எம்எக்ஸ் வந்தப்புறம் தான் இடம் மாறி மாறி தாவ ஆரம்பிச்சது. ஃபுடாபாவுக்கு ஃபாஸ்ட், எஸ்-எஃப்எச்எஸ்எஸ், டி-எஃப்எச்எஸ்எஸ்.

அதனால கடைல "6 சேனல்"னு ஆரம்பிக்காதீங்க, "என் ரேடியோ இது, இந்த ப்ரோட்டோகால்"னு ஆரம்பிங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குறதா இருந்தா ரேடியோவயே பைல போட்டு எடுத்துட்டு போங்க, பாட்டரியோட. அங்கயே பைண்ட் பண்ணி பார்த்துட்டு காசு குடுங்க, கடைக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

பைண்ட் எப்படி பண்றது? லைட்டு மின்னிக்கிட்டே இருக்கு.

ஐஏ6பிய வச்சு சொல்றேன், கிரவுண்டுல அதான் அதிகம். பைண்ட் ப்ளக்குங்கிறது சின்னதா வளைஞ்சு திரும்புற ஒயர் உள்ள சர்வோ ப்ளக், அத பைண்ட்னு எழுதியிருக்கிற வரிசைல சொருகணும், கரண்ட் வேற ஏதாவது ஒரு சேனல்ல ஈஎஸ்சி வழியா வரட்டும். ரிசீவர் லைட்டு படபடன்னு மின்னும். இப்ப ரேடியோல பைண்ட் பட்டன அமுக்கி பிடிச்சுக்கிட்டே ஸ்விட்ச் ஆன். லைட்டு மின்னுற வேகம் மாறுச்சுன்னா சேர்ந்துடுச்சு. ப்ளக்க உருவிட்டு ரெண்டையும் ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, லைட்டு அசையாம எரியணும். ரேடியோவ ரிசீவர் மேலயே வச்சுக்கிட்டு பண்ணாதீங்க, ஒரு மீட்டராவது தள்ளி வைங்க, ரொம்ப கிட்ட இருந்தா சிக்னல் ஓவராகி சில ரிசீவர் திணறும். ப்ரொப்பெல்லர கழட்டிட்டீங்களா? அத முதல்லயே சொல்லியிருக்கணும்.

எங்க மாமா அட்டைப்பெட்டில ஒரு பழைய ரேடியோ குடுத்தாரு, ரிசீவர்ல நீளமா ஒரு ஒயர் தொங்குது. ஓடுமா?

ஓடலாம். 35 இல்லன்னா 72 மெகாஹெர்ட்ஸா இருக்கும், நீங்க ஒயர்னு சொல்றது தான் ஆன்டெனா, சுமாரா ஒரு மீட்டர் வரும். ரிசீவர்ல நகம் சைஸுக்கு உலோக டப்பா ஒண்ணு சொருகியிருக்கும் பாருங்க, அதான் கிரிஸ்டல். அந்த காலத்துல எந்த சேனல்னு, இங்க சேனல்னா அலைவரிசை, அந்த கிரிஸ்டல் தான் முடிவு பண்ணும். ரெண்டு பேருகிட்ட ஒரே சேனல் இருந்து, ஒருத்தர் பறக்கவிடும்போது இன்னொருத்தர் தெரியாம ஸ்விட்ச் போட்டா போதும், மேல இருக்கிற ப்ளேன் கீழ வந்துடும். அதுக்காகவே கிளப்புல ஒரு பலகைல சேனல் நம்பர் போட்ட க்ளிப் மாட்டியிருக்கும், க்ளிப் யார் சட்டைல இருக்கோ அவர் மட்டும் தான் ரேடியோ ஆன் பண்ணலாம். சிங்கிள் கன்வர்ஷன், டூயல் கன்வர்ஷன்னு அப்ப பேசிக்கிட்டது பக்கத்து சேனல் சத்தத்த எவ்வளவு நல்லா வடிகட்டுதுங்கிறத வச்சு, டூயல் தான் ஒசத்தி. இன்னிக்கு அத வச்சு பறக்க வேணாம். மாமாவ உக்கார வச்சு கதை கேளுங்க, பெட்டிய ஷோகேஸ்ல வைங்க.

மல்டி ப்ரோட்டோகால் ரேடியோ வாங்கிட்டா இந்த தலைவலியே இல்லையாமே?

முக்கால்வாசி இல்ல. அதுக்குள்ள நாலு ரேடியோ சிப் இருக்கும், ஒண்ணு ஃப்ளைஸ்கை வகைக்கு, ஒண்ணு ஃப்ரிஸ்கை வகைக்கு, ஒண்ணு ஸ்பெக்ட்ரத்துக்கு, நாலாவது பொம்மை ஹெலிகாப்டர் வகையறாவுக்கு. மெனுவுல எந்த பாஷைன்னு சொல்லிட்டா அத பேசும். கைல ஏற்கனவே நாலு விதமான ரிசீவர் சேர்ந்து போனவங்களுக்கு இது வரப்பிரசாதம். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது வேற, ரெண்டு கேள்வி தள்ளி வரும்.

எஸ்பஸ், ஐபஸ், பிபிஎம், சிஆர்எஸ்எஃப்... இதெல்லாம் ரிசீவர் வகையா?

இது வேற கணக்கு, குழப்பிக்காதீங்க. ரேடியோவுக்கும் ரிசீவருக்கும் நடுவுல காத்துல பேசுறது ஒரு பாஷை, ரிசீவர் தன் பின்னால இருக்கிற சாமானோட ஒயர்ல பேசுறது இன்னொரு பாஷை. இந்த லிஸ்ட் ரெண்டாவது.

சாதா ப்ளேன், நாலு சர்வோ, ஒரு மோட்டார்னா பிடபிள்யூஎம் போதும், சேனலுக்கு ஒரு ப்ளக், கண்ண மூடிக்கிட்டு சொருகலாம். நடுவுல ஃப்ளைட் கண்ட்ரோலர்னு ப்ளேன தானே நிதானப்படுத்துற ஒரு போர்டு வச்சா அதுக்கு எட்டு ஒயர் இழுக்கிறது வேஸ்ட், ஒரே ஒயர்ல எல்லா சேனலும் வரணும். அதுக்கு முதல்ல வந்தது பிபிஎம், எட்டு சேனல வரிசையா ஒண்ணு பின்னால ஒண்ணு அனுப்பும், மெதுவு. எஸ்பஸ் ஃபுடாபாவோடது, 16 சேனல், டிஜிட்டல், ஆனா சிக்னல் தலைகீழா வரும். அத திருப்பி படிக்க எஃப்4 சிப் உள்ள ஃப்ளைட் கண்ட்ரோலர்ல தனியா இன்வெர்ட்டர்னு சிக்னல திருப்புற ஒரு சர்க்யூட் இருக்கணும், அதனால எஸ்பஸ்னு எழுதியிருக்கிற பின்லயே போட்டா தான் வேலை செய்யும், எஃப்7, எச்7ல அந்த தொல்லை இல்ல. ஐபஸ் ஃப்ளைஸ்கையோடது, 14 சேனல், தலைகீழ் கிடையாது, எந்த சீரியல் பின்லயும் போடலாம். சிஆர்எஸ்எஃப் தான் இப்ப ராஜா, வேகம் ஜாஸ்தி, போறதுக்கு ஒரு ஒயர் வர்றதுக்கு ஒரு ஒயர், ரெண்டு பக்கமும் பேசும்.

எங்க கிரவுண்டுல ஒருத்தர் எஸ்பஸ் ரிசீவர் மட்டும் வாங்கிட்டு வந்து, அதுல ஒரே ஒரு ப்ளக் தான் இருக்கு மீதி சர்வோவ எங்க சொருகுறதுன்னு கேட்டாரு. அவர் மேல தப்பில்ல, பாக்கெட்ல 16 சேனல்னு பெருசா போட்டிருந்தான்.

சரி, இப்ப புதுசா ஆரம்பிக்கிறேன், எத வாங்கட்டும்?

இஎல்ஆர்எஸ். எக்ஸ்பிரஸ் எல்ஆர்எஸ்னு முழுப்பேரு, இதுவும் காத்துல பேசுற ஒரு ப்ரோட்டோகால் தான், ஓபன் சோர்ஸ். ஒரே கம்பெனி கைல இல்ல, அதனால பல கம்பெனி ரிசீவர் போடுறாங்க, விலையும் குறைஞ்சுடுச்சு. ட்ரோன் பசங்களோட சமாச்சாரம்னு ஆரம்பத்துல ப்ளேன்காரங்க ஒதுக்கி வச்சாங்க, ஏன்னா சர்வோ சொருக பின்னு இல்லாம வந்துச்சு. இப்ப அஞ்சு, ஆறு, எட்டு சேனல் பிடபிள்யூஎம் பின்னோடவே கிடைக்குது.

இதுல மூணு இடத்துல சறுக்குவீங்க. ஒண்ணு, வெர்ஷன். ரேடியோல 3ன்னு ஆரம்பிக்கிற ஃபர்ம்வேர், ரிசீவர்ல 2ன்னு ஆரம்பிக்கிறதுன்னா சேராது, புள்ளிக்கு அப்புறம் வர்ற நம்பர் மாறினா பரவால்ல. ரிசீவர்க்கு கரண்ட் குடுத்துட்டு ரேடியோ ஆன் பண்ணாம ஒரு நிமிஷம் விடுங்க, அதுவே வைஃபை போட்டுக்கும், ஃபோன்ல கனெக்ட் பண்ணி அதோட பேஜ்ல போய் அப்டேட் பண்ணிடலாம். முதல் தடவ பண்ணும்போது எனக்கே சிரிப்பு வந்துச்சு, நகம் அளவு சாமானுக்கு ஒரு வெப் பேஜா.

ரெண்டு, பைண்டிங் ஃப்ரேஸ். ரேடியோலயும் ரிசீவர்லயும் ஒரே வார்த்தைய போட்டுட்டா அதுவே சேர்ந்துக்கும், ப்ளக்கெல்லாம் வேணாம். அந்த வார்த்தைய சும்மா "சென்னை"ன்னோ "தல"ன்னோ வைக்காதீங்க. அஜித் ஏரோமாடலிங் பண்றவர்னு தெரிஞ்சு இந்த பக்கம் வந்தவங்க எத்தனை பேர்னு எனக்கு தெரியும், ஒரே கிரவுண்டுல ரெண்டு பேரு ஒரே ஃப்ரேஸ் வச்சிருந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

மூணாவது தான் முக்கியம், 2.4 வாங்குங்க. 915 மெகாஹெர்ட்ஸ்னு போட்டு வர்றது அமெரிக்காவுக்கு. நம்ம ஊர்ல அந்த இடத்துல மொபைல் நெட்வொர்க் ஓடுது, லைசென்ஸ் இல்லாம நாம தொடக்கூடாது. 2.4 பேண்டுக்கு 2005ல இருந்தே நம்ம நாட்டுல தனி லைசென்ஸ் வேணாம், அதோட 865ல இருந்து 868 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் அதே மாதிரி ஒரு துண்டு இருக்கு, இஎல்ஆர்எஸ் ஃபர்ம்வேர்ல இந்தியான்னே தனி செட்டிங் குடுத்திருக்காங்க. ஆனா கண்ணுக்கு தெரியுற தூரத்துல பறக்கிறவங்களுக்கு 2.4 தாராளம்.

ஐ6 ஏற்கனவே இருக்குன்னா அத தூக்கி போட்டுட்டு ஓட வேணாம். அதுவும் ஐஏ6பியும் சேர்ந்து எத்தனையோ பேர பறக்க வச்சிருக்கு.

பார்க் ஃப்ளையர் ரிசீவர், ஃபுல் ரேஞ்ச் ரிசீவர், என்ன வித்தியாசம்?

பார்க் ஃப்ளையர்னா சின்ன, லேசான, பக்கத்துலயே சுத்துற ப்ளேனுக்கு, சில நூறு மீட்டர். பெரும்பாலும் ஒத்த ஆன்டெனா, மெலிசா இருக்கும். ஃபுல் ரேஞ்ச்னா கண்ணுக்கு தெரியுற வரைக்கும் தாங்கும், ரெண்டு ஆன்டெனா இருக்கும். ஒன்றரை மீட்டர் விங் உள்ள ப்ளேன்ல 5 கிராம் மிச்சம் பண்றேன்னு பார்க் ஃப்ளையர் ரிசீவர் வைக்காதீங்க.

இதோட தம்பி ஒண்ணு இருக்கு, பிரிக்குன்னு சொல்லுவாங்க. ரிசீவர், ஈஎஸ்சி, குட்டி சர்வோ எல்லாம் ஒரே போர்டுல, இன்டோர் ப்ளேனுக்கு. ஒண்ணு போனா எல்லாம் போச்சு.

கைரோ உள்ள ரிசீவர் வாங்கினா சீக்கிரம் கத்துக்கலாமா?

கத்துக்கலாம். ப்ளேன் சாயுறத உணர்ந்து தானே திருத்துற சென்சார் தான் கைரோ, காத்துல நல்லா உதவும். மே மாசம் கடல்காத்து உள்ள வந்துச்சுன்னா 600 கிராம் ஃபோம் ப்ளேன் பட்டம் மாதிரி ஆடும், கைரோ இருந்தா அந்த ஆட்டத்த அதுவே அடக்கும்.

ஆனா ஒண்ணு மட்டும் பண்ணாம பறக்காதீங்க. ப்ளேன கைல பிடிச்சு, ஸ்டிக்க தொடாம, வலது பக்கம் டக்குனு சாய்ங்க. வலது விங்ல ஐலரான் (விங்கோட பின் ஓரத்து மடல்) கீழ இறங்கணும், இடதுல மேல ஏறணும், அதாவது சாய்ஞ்சத நிமித்துற மாதிரி. மூக்க கீழ சாய்ச்சா எலிவேட்டர் (வால்ல படுத்திருக்கிற மடல்) மேல ஏறணும். எதிரா போச்சுன்னா மெனுவுல கைரோ திசைய மாத்துங்க. ஸ்டிக்குக்கு சரியா அசையுது, அது போதும்னு விட்டுட்டாங்கன்னா, கைய விட்டு கிளம்புன மறு செகண்ட் ப்ளேன் தானே உருண்டு மூக்குல குத்தும். எங்க கிரவுண்டுல இது வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது நடக்குது, ஒரு தடவ நானே.

ஆன்டெனாவ எப்படி வைக்கணும்? நீளமா இருக்குன்னு கொஞ்சம் வெட்டிட்டேன்.

வெட்டிட்டீங்களா. சரி. 2.4ல ஒரு அலையோட நீளம் 12.5 சென்டிமீட்டர், அதுல கால்வாசி சுமார் 31 மில்லிமீட்டர். ரிசீவர்ல இருந்து வர்ற ஒயர நகத்தால தடவி பாருங்க, கொஞ்ச தூரம் தடிப்பா இருக்கும், கடைசில மட்டும் தோல் உரிச்ச மாதிரி மெலிசா ஒரு துண்டு, அந்த 31 மில்லி தான் காத துருத்திக்கிட்டு கேக்குது. மீதி எல்லாம் வெறும் பைப்பு மாதிரி. நீங்க வெட்டுனது அந்த மெலிசு துண்டுலன்னா ரேஞ்ச் போச்சு, புது ஆன்டெனா போடுங்க.

ரெண்டு ஆன்டெனா இருந்தா ஒண்ணுக்கொண்ணு 90 டிகிரி, ஒண்ணு படுத்து ஒண்ணு நின்னு. ஆன்டெனாவோட நுனி நேரா உங்கள பார்த்தா தான் சிக்னல் ரொம்ப கம்மி, ஒண்ணு அப்படி மாட்டுற நேரத்துல இன்னொண்ணு பிடிச்சுக்கும். கார்பன் ராடு, பாட்டரி, மோட்டார் ஒயர் இதுக்கு பக்கத்துல கொண்டு போகாதீங்க, கார்பன் சிக்னல மறைக்கும். ஃபோம், சன்போர்டு அட்டை, பால்சா மரம் எதுவும் பண்ணாது. ஜூஸ் ஸ்ட்ராவ ரெண்டு துண்டு வெட்டி பாடில ஒட்டி அதுக்குள்ள ஆன்டெனாவ சொருகிடுங்க.

ப்ளேன் மேல போய் திடீர்னு செத்து விழுந்துச்சு. ரிசீவர் டூப்ளிகேட்டா?

இருக்கலாம். ஆனா பத்துக்கு எட்டு தடவ நான் பார்த்தது கரண்ட் பிரச்சனை. ரிசீவரும் சர்வோவும் சாப்பிடுற 5 வோல்ட் எங்க இருந்து வருது? ஈஎஸ்சிக்குள்ள பாட்டரி வோல்ட்ட குறைச்சு குடுக்கிற பெக்ல இருந்து. நாலு சர்வோவும் ஒரே நேரத்துல முக்கும்போது, அதுவும் ஒண்ணு எங்கயாவது இறுகி மாட்டியிருந்தா, கரண்ட் எகிறும், பெக்கால குடுக்க முடியாம வோல்டேஜ் சரியும், ரிசீவர் ஒரு நொடி செத்து ரீஸ்டார்ட் ஆகும். கீழ வந்து பார்த்தா எல்லாம் நல்லா ஓடும், நீங்க ரிசீவர திட்டுவீங்க.

விலை கம்மி ஈஎஸ்சில லீனியர் பெக் இருக்கும். அது மிச்ச வோல்ட்ட சூடா தான் தள்ளும். 3எஸ், அதாவது மூணு செல் பாட்டரி ஃபுல் சார்ஜ்ல 12.6 வோல்ட், அதுல 5 எடுத்தா 7.6 வோல்ட் மிச்சம், ஒரு ஆம்பியர் இழுத்தா ஏழரை வாட் சூடு. 4எஸ்னா 12 வாட்டுக்கு கிட்ட. சின்ன சால்டரிங் அயர்னோட வேலைய ஒரு கட்டைவிரல் அளவு போர்டு பண்ணிக்கிட்டு இருக்கு, அதுவும் அக்னி நட்சத்திர வெயில்ல மூடுன பாடிக்குள்ள. ஸ்விட்சிங் பெக் வாங்குங்க, இல்லன்னா தனி யூபெக் (ஈஎஸ்சிக்கு வெளிய வைக்கிற பெக்) வைங்க. தனியா வச்சா ஈஎஸ்சி ப்ளக்ல நடு சிவப்பு ஒயர உருவி டேப் சுத்திடுங்க, ரெண்டு பக்கமும் கரண்ட் குடுத்தா சண்டை போட்டுக்கும். தரையில டெஸ்ட் ரொம்ப சிம்பிள், ரெண்டு ஸ்டிக்கையும் பைத்தியம் மாதிரி 30 செகண்ட் ஆட்டிக்கிட்டே ரிசீவர் லைட்ட பாருங்க, ஒரு தடவ கூட இமைக்கக் கூடாது.

ஃபெயில்சேஃப் செட் பண்ணலன்னா என்ன ஆகும்?

ஃபெயில்சேஃப்னா சிக்னல் போயிட்டா ரிசீவர் தானா என்ன பண்ணணும்னு முன்னாடியே சொல்லி வைக்கிறது. என்னோட மூணாவது ப்ளேன், சன்போர்டுல நானே வெட்டுனது. பனை மர வரிசைக்கு பின்னால போச்சு, சிக்னல் கட். அந்த ரிசீவர் கடைசியா கேட்ட கட்டளையவே பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு, கடைசியா நான் குடுத்தது பாதி த்ராட்டில் (மோட்டார் வேகம்), ஸ்டிக் நடுவுல. அழகா, நேரா, ஆடாம அசையாம போய்க்கிட்டே இருந்துச்சு, சத்தம் தேயுற வரைக்கும் நாங்க நாலு பேரு வாய பார்த்துக்கிட்டு நின்னோம். ரெண்டு மணி நேரம் வயல் வரப்புல தேடுனோம். சைக்கிள்ல வந்த ஒரு பெரியவர் விங்க கேரியர்ல கட்டிக்கிட்டு வந்து "இது உங்க ஏரோப்ளேனாப்பா, மாடு மிரண்டுடுச்சு"ன்னாரு. மாட்டு மேல விழல, சாமி புண்ணியம்.

த்ராட்டில் ஜீரோ, மீதி எல்லாம் நடுவுல, வேணும்னா லேசா ரட்டர் (வால்ல நிக்கிற மடல்), அப்ப வட்டம் போட்டு பக்கத்துலயே இறங்கும். இத தான் ஃபெயில்சேஃப்ல செட் பண்ணணும். செட் பண்ணிட்டோம்னு நம்பாம, ப்ரொப்பெல்லர கழட்டிட்டு மோட்டார ஓட விட்டு ரேடியோவ ஆஃப் பண்ணி பாருங்க. மோட்டார் நிக்கணும். ரிசீவர் மாத்துனா, திரும்ப பைண்ட் பண்ணா, மறுபடியும் பாருங்க. ஃப்ளைட் கண்ட்ரோலர் இருந்தா அதுலயும் தனியா ஒரு ஃபெயில்சேஃப் இருக்கு, ரெண்டும் ஒத்து போகணும்.

ரேஞ்ச் செக் அவசியமா?

புது ப்ளேன்னா, விழுந்து எழுந்த ப்ளேன்னா, ஆமா. ரேடியோ மெனுவுல ரேஞ்ச் டெஸ்ட்னு இருக்கும், பவர குறைச்சு அனுப்பும். சுமார் 30 ஸ்டெப் எடுத்து வச்சு நடந்து போய் ஸ்டிக்க ஆட்டுங்க, ஃப்ரெண்டு ப்ளேன பிடிச்சு மெதுவா சுத்தட்டும். மோட்டார் நிறுத்தி ஒரு தடவ, ஓட விட்டு ஒரு தடவ. ஓடும்போது மட்டும் சர்வோ துடிச்சா ரிசீவர் ஈஎஸ்சிக்கு ரொம்ப பக்கத்துல இருக்கு.

ஈசிஆர் பீச் பக்கம் பறக்கவிட்டேன், தண்ணில விழுந்துச்சு.

முதல்ல பாட்டரிய கழட்டுங்க. உப்புத்தண்ணின்னா நல்ல தண்ணில அலசி, அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, ரெண்டு நாள் காய விடுங்க. அரிசி டப்பால எல்லாம் போட வேணாம். பின்னுல பச்சை பூத்திருந்தா அந்த ரிசீவர இனிமே மேஜை மேல டெஸ்ட்டுக்கு மட்டும் வச்சுக்கோங்க.

சென்னைக்குள்ள எங்க வேணா பறக்கவிடலாமா?

கூடாது. ட்ரோன் ரூல்ஸ் 2021 நம்ம ப்ளேனுக்கும் சேர்த்து தான். டிஜிட்டல் ஸ்கை மேப்ல பச்சை இடத்துல 400 அடி வரைக்கும், ஏர்போர்ட்ல இருந்து 8ல இருந்து 12 கிலோமீட்டர் வளையத்துல 200 அடி. மீனம்பாக்கம் ஒரு பக்கம், தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஒரு பக்கம், வட்டம் போட்டு பார்த்தா சிட்டில மிச்சம் ரொம்ப கம்மி. நாங்க செங்கல்பட்டு தாண்டி போறது ஆசைப்பட்டு இல்ல.

ஒரே ரிசீவர மூணு ப்ளேனுக்கு மாத்தி மாத்தி வைக்கலாமாண்ணா? காசு இல்ல.

வைக்கலாம், நானும் ரெண்டு வருஷம் அப்படி தான் ஓட்டுனேன். சர்வோ ஒயர் ஒவ்வொண்ணுலயும் சேனல் நம்பர மாஸ்கிங் டேப்ல எழுதி சுத்துங்க, ரேடியோல ஒவ்வொரு ப்ளேனுக்கும் தனி மாடல் பேரு போடுங்க. அப்புறமும் தப்பு வரும், பழைய ப்ளேனோட மாடல செலக்ட் பண்ணி வச்சிட்டு புது ப்ளேன தூக்கி எறிவீங்க, ஐலரான் எதிர் திசைல போகும். எறியுறதுக்கு முன்னாடி "வலது, இடது, மேல, கீழ"ன்னு வாய் விட்டு சொல்லி சர்வோவ பாருங்க, பக்கத்துல இருக்கிறவன் சிரிச்சா சிரிக்கட்டும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ கைல காசு வந்தா ரெண்டாவது ரிசீவர் ஒண்ணு வாங்கிடுங்க, அடிக்கடி பிடுங்குனா பின்னு தளரும்.